வயர் வழி நெட்வொர்க் அமைப்பது எப்படி: கேபிள் இழுப்பதிலிருந்து இணையம் பகிர்வது வரை

ஒரு இணைய இணைப்பு, நாலைந்து கணினிகள், ஒரு பிரிண்டர். எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் போக வேண்டும், எந்தக் கணினியிலிருந்து கொடுத்தாலும் பிரிண்ட் வர வேண்டும். வீடானாலும் சிறிய அலுவலகமானாலும் தேவை இவ்வளவுதான். இதற்கு வைஃபை போதாதா என்று தோன்றும். போன், லேப்டாப் மாதிரி கையோடு எடுத்துக்கொண்டு நடமாடுகிற பொருள்களுக்குப் போதும். வைத்த இடத்தில் அப்படியே இருக்கும் மேசைக் கணினி, பிரிண்டர், டிவி, கேமரா பதிவுப் பெட்டி ஆகியவற்றுக்குக் கேபிள்தான் சரி. சுவர் குறுக்கே வந்தாலும் வேகம் குறையாது. அக்கம்பக்கத்து வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிட்டால் பல வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்பத் தேவையிருக்காது.

ஒழுங்காகப் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. தகராறு செய்யும் சிறிய நெட்வொர்க்குகளைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, கேபிளின் முனை. இன்னொன்று, ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பெட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண், கொடுப்பது. அதனால் இங்கே அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தாளில் வரையுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வரைபடம் போடுங்கள். இணையம் கட்டடத்துக்குள் எங்கே வருகிறது, கணினிகள் எங்கெங்கே இருக்கின்றன, கேபிள் எந்தச் சுவரோரமாகப் போகும் என்பதெல்லாம் அதில் வரட்டும். அமைப்பு எப்போதும் ஒரே மாதிரிதான்: இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி, அதிலிருந்து இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கும் ரவுட்டர், அதிலிருந்து பல கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்ச், சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கேபிள். ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு என்று சங்கிலியாக இழுக்கும் வழக்கம் பழைய கோஆக்சியல் (டிவி கேபிள் மாதிரி) கேபிள் காலத்தோடு போயிற்று. தனித்தனியாக இழுப்பதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ஒரு கேபிள் போனால் ஒரு கணினிதான் போகும், மற்றவை பாட்டுக்கு ஓடும்.

நீளத்தை நேர்கோட்டில் அளக்காதீர்கள். கேபிள் சுவரில் ஏறி, மேலே ஓடி, மறுபடி இறங்குவதைச் சேர்த்து அளந்து, இரண்டு முனைக்கும் ஆளுக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். சுவிட்சிலிருந்து கணினி வரை மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தரநிலை இதைச் சுவருக்குள் 90 மீட்டர், இரு பக்கமும் சேர்த்து இணைப்புக் கேபிள் 10 மீட்டர் என்று பிரித்துச் சொல்கிறது. அதைத் தாண்டினால் நடுவில் இன்னொரு சுவிட்ச் வைக்கலாம்.

ஒரு கேபிள் போதும் என்று நினைக்கிற இடத்துக்கு இரண்டு இழுத்துவிடுங்கள். கேபிளுக்கு ஆகும் செலவைவிட, பிறகு மறுபடியும் அதே வழியில் இழுக்கும் பாடு பெரிது.

இரண்டு தனிக் கட்டடங்களை இணைப்பதானால் செம்புக் கேபிளே வேண்டாம். இரண்டு கட்டடத்தின் எர்த்திலும் மின்னழுத்தம் வேறுபடலாம். பக்கத்தில் இடி விழுந்தால் அந்தக் கேபிள் வழியாகவே இரு பக்கத்துக் கருவிகளும் போய்விடும். ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கேபிள்தான் போட வேண்டும் என்றால் இங்கே அதற்கு மாற்று இல்லை.

என்ன வாங்குவது

ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச், கேபிள், கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே-45 பிளக்குகள், அவற்றைக் கம்பியோடு அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர். இவ்வளவு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் நான்கு லேன் போர்ட் (உள்ளே இருக்கும் கருவிகளைச் சொருகும் துளை) இருக்கும். உங்களிடம் இருப்பது நான்கு கருவிகளுக்குள் என்றால் சுவிட்சே தேவையில்லை. அதற்கு மேல் போனால் இன்றைய தேவைக்கு மேல் இரண்டு மூன்று போர்ட் கூடுதலாக உள்ள கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) சுவிட்ச் வாங்குங்கள். செட்டிங் எதுவும் இல்லாத அன்மேனேஜ்டு சுவிட்ச் போதும். பெட்டியில் 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம். அது நொடிக்கு 100 மெகாபிட், அதாவது அதிகபட்சம் 12.5 மெகாபைட். நடைமுறையில் 11 மெகாபைட் கிடைத்தால், 10 ஜிபி ஃபைலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற கால் மணி நேரம் ஆகும். கிகாபிட்டில் அதே வேலை ஒன்றரை நிமிஷம். இணைய வேகம் எவ்வளவாக இருந்தாலும் உள்ளுக்குள் நடக்கும் இந்தப் பரிமாற்றத்துக்கு சுவிட்சின் வேகம்தான் கணக்கு.

பழைய கருவிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் கேபிள் நெட்வொர்க் முறையான ஈதர்நெட் 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரின் கைவண்ணத்தில் உருவாகி, 1983-இல் ஐஇஇஇ 802.3 என்ற தரநிலையானது. அதற்குப் பிறகு வந்த வேகங்கள் பழையவற்றைக் கைவிடாமலே வந்தன. பழைய 100 மெகாபிட் பிரிண்டரைப் புதிய கிகாபிட் சுவிட்சில் சொருகினால், அந்த போர்ட் மட்டும் 100-க்கு இறங்கிப் பேசும். மற்ற போர்ட்டுகளின் வேகம் குறையாது.

கேபிளில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கேபிளின் தர வகையைக் கேட் 5இ, கேட் 6 என்று எண்ணால் சொல்வார்கள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். புதிதாக இழுக்கிறவர்கள் கேட் 6 எடுக்கலாம். அதில் சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டும் ஓடும். 100 மீட்டருக்கும் 10 கிகாபிட் வேண்டுமென்றால்தான் கேட் 6ஏ. எண்ணைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் உலோகம். சந்தையில் சிசிஏ என்று ஒரு வகை உண்டு: அலுமினியக் கம்பி, மேலே மெல்லிய செம்புப் பூச்சு. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. மின்தடை அதிகம், மடக்கினால் சீக்கிரம் ஒடியும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் பிஓஇ முறையில் இது சூடேறவும் செய்யும். கேட் 5இ, கேட் 6 தரநிலைகள் முழுச் செம்பைத்தான் ஏற்கின்றன. வாங்குமுன் ஒரு கம்பியின் மேற்பரப்பை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான். கேபிள் சுருள் வழக்கத்தைவிட லேசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சுவரோரமாகவும் பைப்புக்குள்ளும் போகும் கேபிளில் ஒவ்வொரு இழையும் ஒற்றைக் கம்பியாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து கணினிக்கு வரும் குட்டைக் கேபிளில் பல மெல்லிய கம்பிகள் சேர்ந்த இழை நல்லது, அடிக்கடி வளைந்தாலும் ஒடியாது. இரண்டுக்கும் பிளக்கின் உள்ளே இருக்கும் பற்களின் வடிவம் வேறு. பிளக் வாங்கும்போது எந்த வகைக் கேபிளுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். கவசத் தாள் சுற்றிய கேபிள் சாதாரண இடங்களுக்குத் தேவையில்லை. அதைச் சரியாக எர்த் செய்யாவிட்டால் பலனும் இல்லை.

கேபிள் இழுப்பது

இழுப்பதற்கு முன்பே இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். இழுத்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், சுவிட்சின் அருகே ஒரே நிறத்தில் எட்டு முனை தொங்கும். எது எந்த அறைக்குப் போகிறது என்று தேடியே பொழுது போகும்.

கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வெவ்வேறு இறுக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின்காந்தத் தொந்தரவையும், ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசிவதையும் அந்த முறுக்குதான் தடுக்கிறது. ஆகவே முறுக்கைக் கலைக்கும் எதையும் செய்யக் கூடாது. பலமாக இழுக்காதீர்கள், 11 கிலோ எடை இழுக்கும் விசைக்கு மேல் போகக் கூடாது. மூலையில் செங்குத்தாக மடக்காமல் வளைவாகத் திருப்புங்கள். கேட் 6 கேபிளுக்கு வளைவின் ஆரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கட்டும் டையை இறுக்கி நசுக்காதீர்கள், கட்டிய பிறகும் கேபிள் உள்ளே நகர வேண்டும்.

மின்சார வயர் போகும் பைப்பில் நெட்வொர்க் கேபிளை விடவே கூடாது. சிக்னல் கெடுவது இருக்கட்டும், மின் வயரின் உறை கிழிந்தால் கணினியில் கை வைப்பவருக்கு ஆபத்து. பக்கத்தில் இணையாகப் போக நேர்ந்தால் ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் செங்குத்தாகத் தாண்டட்டும்.

முனை கட்டுவது

இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். நெட்வொர்க்கின் ஆயுள் இங்கேதான் தீர்மானமாகிறது.

மேல் உறையை மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நீக்குங்கள். பிளேடு உள் கம்பிகளின் உறையில் கீறல் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். கீறல் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கேட் 6-இல் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தண்டை உறையின் விளிம்பு வரை நறுக்கிவிடுங்கள். பிறகு ஜோடிகளைப் பிரித்து, கம்பிகளை விரல்களுக்கு இடையே வைத்து நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இப்படி வரிசைப்படுத்துங்கள்:

1. வெள்ளை-ஆரஞ்சு
2. ஆரஞ்சு
3. வெள்ளை-பச்சை
4. நீலம்
5. வெள்ளை-நீலம்
6. பச்சை
7. வெள்ளை-பிரவுன்
8. பிரவுன்

இதன் பெயர் டி568பி. டி568ஏ என்று இன்னொரு வரிசையும் உண்டு, அதில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முனையிலும், கட்டடம் முழுக்கவும் ஒன்றையே பின்பற்றுங்கள்.

வரிசையில் பச்சை ஜோடி 3, 6 என்று பிரிந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். இதை எதற்கு இப்படிச் சுற்றி வளைப்பது, பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கட்டினால் போதாதா என்று பலருக்கும் தோன்றும். அப்படிக் கட்டினால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் கணினி 3, 6 இரண்டையும் ஒரே ஜோடியாகத்தான் பயன்படுத்துகிறது. அந்த இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்ததாக இருந்தால் முறுக்கின் பாதுகாப்பு போய்விடும். குட்டைக் கேபிளில் ஓடுவது போலத் தெரியும். நீளமானதில் இணைப்பு விட்டு விட்டு வரும், அல்லது ஆமை வேகத்தில் நகரும். விளக்கை மட்டும் எரித்துக் காட்டும் டெஸ்டர் கண்டுபிடிக்காத கோளாறு இது. கண்ணால் பார்த்து நிற வரிசையைச் சரிபார்ப்பதுதான் ஒரே வழி.

வரிசைப்படுத்திய கம்பிகளைப் பிரித்த இடத்திலிருந்து 13 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக நேராக வெட்டுங்கள். முறுக்கு கலைந்த நீளம் இதற்கு மேல் இருக்கக் கூடாது. பிளக்கின் கொக்கி கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பிடித்து, கம்பிகளை உள்ளே தள்ளுங்கள். பிளக்கின் முன்முனையில் கண்ணாடி போன்ற பகுதி வழியே பார்த்தால் எட்டுச் செம்பு முனையும் சுவரை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தாலும் வெளியே எடுத்து மறுபடி வெட்டுங்கள். மேல் உறையும் பிளக்குக்குள் நுழைந்து, பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாக்குக்கு அடியில் வர வேண்டும். கேபிளை யாராவது இழுத்தால் பாரம் உறையின் மேல்தான் விழ வேண்டும், மெல்லிய கம்பிகளின் மேல் அல்ல. எல்லாம் பார்த்த பிறகு கிரிம்பிங் டூலில் வைத்து முழுமையாக அழுத்துங்கள்.

டெஸ்டரின் இரண்டு பாகங்களையும் இரு முனையில் சொருகி, 1 முதல் 8 வரை இரு பக்கமும் ஒரே வரிசையில் எரிகிறதா என்று பாருங்கள். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் கம்பி சேரவில்லை, வரிசை மாறி எரிந்தால் கம்பி இடம் மாறியிருக்கிறது.

நிரந்தரமாக இருக்கப் போகும் கேபிளுக்கு, பிளக்கைவிடச் சுவரில் பொருத்தும் ஜாக் நல்லது. ஜாக்கின் பக்கவாட்டில் நிற வரிசை அச்சடித்திருக்கும், பஞ்ச் டூலால் கம்பியை அழுத்தினால் போதும். அங்கிருந்து கணினிக்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேட்ச் கார்டு. நாற்காலி ஏறி மிதிபடுவது அந்தக் குட்டைக் கேபிள்தான், அதை நிமிஷத்தில் மாற்றிவிடலாம்.

ரவுட்டர்: ஒன்றே ஒன்று

இணைய நிறுவனம் உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முகவரி. உள்ளே இருக்கும் கணினிகளுக்கு ரவுட்டர் தனி முகவரிகளைக் கொடுக்கிறது. யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, எல்லோருடைய கோரிக்கையையும் அந்த ஒரே முகவரியின் பேரில் வெளியே அனுப்பி, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. நேட் என்பது இந்த வேலைதான். முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர்.

இன்று இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலானவை ரவுட்டராகவும் வேலை செய்கின்றன. அது தெரியாமல் அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை மாட்டிவிட்டால் இரண்டு அடுக்கு நேட் உருவாகும். இணையம் வரும், ஆகவே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு பெட்டியின் வைஃபையில் இருக்கும் லேப்டாப்புக்கு இன்னொரு பெட்டியில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. வெளியிலிருந்து கேமராவைப் பார்க்கும் வசதி தடைப்படும். இதற்கு மூன்று வழிகள்.

முதலாவது, நிறுவனத்தின் பெட்டியையே ரவுட்டராக வைத்துக்கொண்டு அதன் லேன் போர்ட்டிலிருந்து நேராக சுவிட்சுக்குப் போவது. சிறிய வீட்டுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணையத்தை மட்டும் கடத்தும் நிலைக்கு, மாற்றி, உங்கள் சொந்த ரவுட்டரை முழுப் பொறுப்பாக்குவது. பிரிட்ஜ் முறைக்கு நிறுவனத்திடம் சொல்ல வேண்டியிருக்கலாம். லாகின் செய்து இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பானால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை ரவுட்டரின் வேன் (வெளி இணையம்) பகுதியில் கொடுக்க வேண்டும். இன்னும் சில நிறுவனங்கள் தானியங்கி முகவரி கொடுப்பார்கள், அப்போது வேன் பகுதியை ஆட்டோமேட்டிக் என்று விட்டாலே போதும். அலுவலகத்துக்கு என் தேர்வு இந்த இரண்டாவது வழிதான். நாளைக்கு இணைய நிறுவனத்தையே மாற்றினாலும் உள்ளே எதுவும் கலையாது.

மூன்றாவது, கையிலிருக்கும் பழைய ரவுட்டரை வெறும் சுவிட்சாகவும் வைஃபை பெட்டியாகவும் மாற்றுவது. அதைத் தனியாக ஒரு கணினியில் சொருகி, முதலில் அதன் சொந்த முகவரியை உங்கள் நெட்வொர்க்கில் யாரும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள். பிறகு டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாக அதன் லேன் போர்ட்டிலிருந்து முதன்மை ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். வேன் போர்ட்டைத் தொட வேண்டாம்.

டிஹெச்சிபியை அணைக்க மறந்து மாட்டினால் என்ன ஆகும்? கணினி ஆன் ஆகும்போது இரண்டு பெட்டியும் முகவரி நீட்டும், முந்துகிறவர் கொடுத்ததை அது வாங்கிக்கொள்ளும். காலையில் இணையம் வரும், மத்தியானம் ரீஸ்டார்ட் செய்தால் வராது. பக்கத்து மேசையில் நேர்மாறாக நடக்கும். எந்த ஒழுங்கும் இல்லாமல் கோளாறு இடம் மாறிக்கொண்டே இருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரவுட்டருக்குள் நுழைய, அதன் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால் போடுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். மற்ற செட்டிங்குகளுக்கு இதன் பிறகு வரலாம்.

முகவரித் திட்டம்

உள் நெட்வொர்க்குகளுக்கென்றே மூன்று முகவரி வரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. 1996-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 ஆவணம் இதைச் சொல்கிறது. நான் சொல்வது, ரவுட்டர் வரும்போதே வைத்திருக்கும் 192.168.1 வரிசையை விட்டு 192.168.20 போன்ற ஒன்றுக்கு மாறிவிடுங்கள். வெளியூரிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக உங்கள் நெட்வொர்க்குக்குள் வர நினைக்கும்போது, அங்கே இருக்கும் ரவுட்டரும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் இரண்டும் மோதும்.

ரவுட்டருக்கு 192.168.20.1. எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இதில் 254 கருவிகளுக்கு இடம் உண்டு. டிஹெச்சிபி கொடுக்கும் எல்லையை, முகவரியின் கடைசி எண் 100 முதல் 199 வரை என்று வையுங்கள். 2 முதல் 49 வரை முகவரி மாறவே கூடாத பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி, ஃபைல் சர்வர் ஆகியவற்றுக்கு. பிரிண்டரின் மெனுவில் போய் முகவரியைக் கையால் அடிப்பதைவிட, ரவுட்டரில் ரிசர்வேஷன் பகுதியில் கருவியோடு வரும் அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொடுத்து இன்ன முகவரி என்று பதிவது நல்லது. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், யாருக்கு எது என்று பார்த்தாலே தெரியும். சில ரவுட்டர்கள் டிஹெச்சிபி எல்லைக்குள் இருக்கும் முகவரியை மட்டுமே ரிசர்வ் செய்ய விடும். அப்படியானால் எல்லையின் தொடக்கத்தை 2-க்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.

மாட்டும் வரிசை

இணைய நிறுவனத்தின் பெட்டியை ஆன் செய்து, விளக்குகள் நிலைக்கும் வரை காத்திருங்கள். அடுத்து ரவுட்டர். அதில் ஒரே ஒரு கணினியைச் சொருகி இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகுதான் சுவிட்ச். சுவிட்சில் ஒவ்வொரு கணினியாகச் சொருகிச் சோதியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டிவிட்டு ஆன் செய்தால், வேலை செய்யாதபோது எங்கே தேடுவது என்று தெரியாது.

சோதிக்கும் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேபிள் செத்துக் கிடந்தாலும் இணையம் வைஃபை வழியாக வந்து உங்களை ஏமாற்றும்.

சுவிட்சிலிருந்து கிளம்பும் ஒரு கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் போய்ச் சேரக் கூடாது. இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிளும் போடக் கூடாது. வளையம் உண்டானால் எல்லோருக்குமாக அனுப்பப்படும் செய்திகள் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிடும். எல்லா போர்ட் விளக்குகளும் ஒரே வேகத்தில் வெறித்தனமாக மின்னுவது இதற்கு அடையாளம். மேசைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்த முனையை, ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாரோ காலியான ஜாக்கில் சொருகிவைப்பதால்தான் பெரும்பாலும் இது நேரும்.

கணினிகளில் செய்ய வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. ஐபி முகவரி ஆட்டோமேட்டிக் என்றிருந்தால் போதும். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போய் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000/1000 என்று காட்ட வேண்டும். 100/100 என்று காட்டினால் கேபிள் முனையில் ஒரு ஜோடி சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ விட்டுப்போனால் இணைப்பு அறுந்து போகாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கி ஓடும். மாதக் கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் கோளாறு இது.

ஃபோல்டரும் பிரிண்டரும்

பிரிண்டரில் நெட்வொர்க் போர்ட் இருந்தால் அதை சுவிட்சில் சொருகி, முகவரியை ரிசர்வ் செய்து, ஒவ்வொரு கணினியிலும் அந்த முகவரியைக் கொடுத்துச் சேருங்கள். யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டரை ஒரு கணினியில் மாட்டி ஷேர் செய்யலாம். அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தால்தான் மற்றவர்கள் பிரிண்ட் எடுக்க முடியும்.

ஃபோல்டர் பகிர, விண்டோஸில் அந்த நெட்வொர்க்கை முதலில் பிரைவேட் என்று குறியுங்கள். பப்ளிக் என்றிருந்தால் ஃபயர்வால் மற்ற கணினிகளை அண்டவிடாது. பகிரும் கணினியில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி, அந்த யூசருக்கு மட்டும் ஃபோல்டரைத் திறந்துவிடுங்கள். எவ்ரிவன் என்று கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டு பாதுகாப்பையும் அணைப்பது சுலபமாகத் தெரியும். ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால் பகிர்ந்த ஃபைல் அத்தனையும் அதன் கைக்குப் போகும். பழைய கருவி ஒன்றுக்காக எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு வசதியை மறுபடி இயக்கச் சொல்லும் யோசனைகளையும் தவிருங்கள். 2017-இல் உலகெங்கும் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது.

ரவுட்டரே இல்லாமல், ஒரு கணினியின் இணையத்தைக் கேபிள் வழியாக மற்றவற்றுக்குக் கொடுக்கவும் விண்டோஸில் வழி உண்டு. இணையம் வரும் அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் ஷேரிங் பகுதியில் டிக் செய்தால், அந்தக் கணினி 192.168.137.1 என்ற முகவரியில் ரவுட்டர் வேலையைத் தொடங்கும். அவசரத்துக்கு நல்லது, நிரந்தரத்துக்கு வேண்டாம். ஏற்கெனவே ரவுட்டர் உள்ள நெட்வொர்க்கின் பக்கம் இதை இயக்கினால், முன்னால் சொன்ன இரண்டு டிஹெச்சிபி சிக்கல் வந்து சேரும்.

இணையம் வரவில்லை என்றால்

கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கேபிள் அல்லது போர்ட். வேலை செய்யும் வேறொரு கணினியின் கேபிளை இதில் சொருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

விளக்கு எரிந்தால், கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் கணினி கேட்டும் யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டரின் டிஹெச்சிபி ஓடுகிறதா, சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கேபிள் சரியா என்று பாருங்கள். உங்கள் திட்டத்தில் இல்லாத வேறு வரிசையில் முகவரி வந்திருந்தால், உள்ளே எங்கோ இரண்டாவது டிஹெச்சிபி இருக்கிறது. கேட்வே என்று காட்டும் முகவரியை பிரவுசரில் அடித்தால் அந்தப் பெட்டி தன் லாகின் பக்கத்தைக் காட்டிவிடும்.

முகவரி சரியென்றால் பிங் (ping) கட்டளையால் 192.168.20.1-ஐ, அதாவது உங்கள் ரவுட்டரைக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் சிக்கல் உள்ளேதான். வந்தால் அடுத்து 8.8.8.8, அதாவது இணையத்தில் இருக்கும் கூகுளின் சர்வர். ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லாவிட்டால் சிக்கல் ரவுட்டருக்கு அப்பால். வேன் விளக்கைப் பாருங்கள், பிபிபிஓஇ இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு இணைய நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். இவ்வளவையும் பார்த்துவிட்டுக் கூப்பிடும்போது, பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்ற முதல் பதிலோடு அவர்கள் நிறுத்த முடியாது.

8.8.8.8 பதில் சொல்கிறது, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்தான் காரணம். ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு கணினியின் கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகுங்கள். புதிய விவரங்களை அப்போதுதான் அது கேட்டு வாங்கும்.